பதினான்காம் நம்பர் கேமரா

நாற்பத்தோராயிரத்து அறுநூறு படங்கள்.
லேப்டாப்பின் சி டிரைவ் சிவந்து கிடக்கிறது,
இனி ஒரு முயலுக்கும் இடமில்லை என்று.

அஞ்செட்டியில் கரண்ட் வர மணி பத்தரை ஆனது.
ஓசூரில் வாங்கிய ஹார்டுடிஸ்க்,
வயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் பேசும்.
வலது கை விரலால் அதை அழுத்திக்கொண்டு
இடது கையால் அழிக்கிறேன்.

காற்றுக்கு அசைந்த புல். அழி.
அதே புல், அதே காற்று. அழி.
விறகுக் கட்டோடு ஒரு பெண்
கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் முகம் மூடுகிறாள்.
அழி. நான் பார்க்கவில்லை.
பேட்டரி மாற்ற வந்த மாதப்பன்
லென்ஸ் கண்ணாடியில்
பல்லிடுக்குக் கீரையைத் தேடுகிறான்,
பதினெட்டுப் படங்களுக்கு.

தொட்டல்லா ஓடையை மக்னா கடந்த இரவை மட்டும்
இரண்டு பிரதி எடுத்துவிட்டேன்.
அதற்கு முந்தைய ஏழும் காலிதான்.
அழிக்கப் போன விரல் நின்றது.
எல்லாப் புல்லும் கிழக்கே சாய
ஒரு கொத்து மட்டும் விறைத்து
படத்தின் ஓரத்துக்கு இழுபடுகிறது.
வெளியே நின்று மேய்ந்திருக்கிறது!

அப்படியானால் காலையிலிருந்து
காலி என்று நான் தள்ளிய ஒன்பதாயிரம்?

குப்பைத்தொட்டியைத் திறந்தேன். எங்கும் போகவில்லை.
அதனால்தான் ஒரு ஜிபிகூடக் குறையாமல்
சிவப்பு சிவப்பாகவே இருந்திருக்கிறது.
புல்லையெல்லாம் திரும்ப எடுத்தேன்,
கீரையையும்.

அந்தப் பெண்ணை மட்டும் தனியே தேடினேன்.
நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது.
வயரிலிருந்து விரலை எடுக்காமல்
ஆமாம் என்றேன்.