தங்க இடம் தராத வீடு

வீப்ரென்,
நேற்றிரவு உன் பம்பைக் கழற்றினேன்.
ஆலையில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்,
மூன்றாம் வரிசை, தயிர்ப் பக்கம், வீப்ரென் பம்பு,
உன்னை வீட்டுக்கு அனுப்பிப் பதினாறு நாளான பிறகும்.

கிண்ணங்கள் உப்பின கதை உனக்குத் தெரியும்.
மூடித் தகடுகள் குடையாய் எழும்பி நிற்க
லேவார்டன் கடைக்காரி ஒருத்தி
அலமாரியோடு படம் எடுத்து அனுப்பினாள்.
நாற்பதாயிரம் கிண்ணம் திரும்பி வந்தது.
"கழுவினவன் யார்?" என்றார் ஒருவர்.
அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் போதுமாக இருந்தது.
நானும் அந்த மேசையில்தான் இருந்தேன்.
என் காபி ஆறிக்கொண்டிருந்தது.

உன் தாள்களைப் படித்தேன்.
எண்பது பாகையில் காரம், பிறகு நீர்,
பிறகு அமிலம், பிறகும் நீர்.
உன் சாய்ந்த கையெழுத்தில் நிமிடங்கள்
ஒரு நாளும் குறையவில்லை.
கிறிஸ்துமஸ் இரவிலும் இருபது நிமிடம் காரம்.

ஆகவே விளக்கை அணைத்தேன்.
வைட்டமின் கரைத்த நீரை உள்ளே தெளித்து
நீ கழுவுவது போலவே கழுவி
ஊதா விளக்கை மட்டும் பிடித்தேன்.
எஃகு இருளோடு இருளாய்க் கிடந்தது.
சுழலியின் இதழ்கள் சுத்தம்.
வாய் சுத்தம். தொண்டை சுத்தம்.
மூடியும் உடலும் சேரும் இடத்தில்,
ரப்பர் வளையத்தின் முன்னால்,
மஞ்சளும் பச்சையுமாய் ஒரு பிறை.

நகக்கண் அளவு.
நீர் அங்கே போகும்; ஓடாது.
பால் அங்கே உட்கார்ந்துவிட்டது.

இது பம்பு போட்டு எழுப்பின நாடு.
கடலுக்குக் கீழே படுத்துக்கொண்டு
நாளெல்லாம் நீரை மேலே தள்ளுகிறோம்.
அந்தப் பம்புகள் சேறு தின்னும், விலாங்கு தின்னும்,
ஒருமுறை யாரோ தொலைத்த சறுக்குக் காலணியைத் தின்றது.
யாரும் அவற்றை மோந்து பார்ப்பதில்லை.
பால் அப்படியல்ல.

வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவதும்
இன்னும் சற்று இருந்து போங்கள் என்பதும்
மனிதருக்கு அழகு.
பம்புக்குக் குற்றம்.
வா என்ற வாயாலேயே போ என்க வேண்டும் அது.
கூர்மூலை கூடாது, மரை வெளியே தெரியக் கூடாது,
கடைசிச் சொட்டும் தானே கிளம்பிப் போக
அடி சற்றே சரிய வேண்டும்.
மாணவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.
கைதட்டியிருக்கிறார்கள்.

பிறகுதான் வரைபடத்தைத் தேடினேன்.
பதினோரு ஆண்டு மடிப்பு, பிரித்தால் கிழிகிறது.
வளையத்தின் பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி.
பக்கத்தில் பென்சிலில்: கடைவதற்கு எளிது.
கீழே, வலப்பக்கக் கட்டத்தில்,
வரைந்தவர்: யெ. ஹூக்ஸ்ட்ரா.

நான்தான்.
மூலையிலிருந்து வந்தவள் என்பது அந்தப் பெயரின் பொருள்;
பள்ளியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
எந்த நீரும் தொட்டுத் திரும்பாத இடத்தில்
அது பதினோரு ஆண்டு உட்கார்ந்திருந்தது,
நீ வெளியிலிருந்து
தேய்த்துக்கொண்டே இருந்தாய்.

எட்டு மணிக்குக் கூட்டம். அதே மேசை.
பழைய மூடியைக் கழுவாமல் கொண்டு போகிறேன்.
அவர்கள் மோந்து பார்க்கட்டும்.

உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்களா, தெரியாது.
கூப்பிட்டால் நீ வருவாயா, அதுவும் தெரியாது.
புதிய மூடி வியாழன் அன்று வரும்,
வளையம் பாலோடு தோள் உரச நிற்கும்படி.
வந்தால் ஊதா விளக்கை நீ பிடி.
நான் இருட்டில் நிற்கிறேன்.