அறுபது நாள்

குத்தாயிசி நகராட்சிக் கட்டடம், இரண்டாம் மாடி.
கதவில் 'சிறுதொழில் உதவி மையம்'.
உள்ளே நான், ஒரு கெட்டில்,
மூன்று மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படும்
என் வேலை.

லம்சீரா உட்காருமுன் பையிலிருந்து
ஒரு மூடியை எடுத்து மேசைமேல் விட்டாள்.
அது சுழன்று, தடுமாறி,
கிர்ரென்று அடங்கியது.
"இதுதான் நான்" என்றாள்.
தகர மூடி. எண்பத்திரண்டு மில்லிமீட்டர்.
ஜாம் போடுகிறவர்கள், ஊறுகாய்க்காரர்கள்,
பிளம் சாறு காய்ச்சுகிறவர்கள்
எல்லோருக்கும் வேண்டும்.
எவருக்கும் அவளைத் தெரியாது.

என்னிடம் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு.
உங்கள் வாடிக்கையாளர் யார்?
வயது? பொழுதுபோக்கு?
"புட்டி" என்று எழுதினாள்.
வயதுக்கு ஒரு கோடு.
பொழுதுபோக்கு: "திறந்தே கிடப்பது."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள்.
இவள் கேட்டது வேறு:
புட்டிவாய் மூட வேண்டும்,
அதற்கு முதலில்
ஊர்வாய் திறக்க வேண்டும்.

தேடுபொறிக்கு நாற்பது லாரி கட்டினோம்.
சக்கரம் இல்லாத காசுதான்,
இரண்டே நாளில் ஓடிப்போயிற்று.
'மூடி' என்று தேடியவர்கள் எல்லாம் வந்தார்கள்.
குக்கர் மூடி கேட்டவர்.
சாக்கடை மூடி திருடுபோன ஒரு வட்டார அலுவலகம்.
பேனா மூடி. பெட்ரோல் டாங்கி மூடி.
நள்ளிரவு தாண்டி ஒருவர்:
"புட்டி திறக்க வரவில்லை. என்ன செய்ய?"

ஐம்பத்தேழு சொடுக்கு. ஆர்டர், சுழியம்.
ஏறும் கோடு ஒன்றைத் திரையில் காட்டி
"பார்க்கிறார்கள், பாருங்கள்" என்றேன்.
"பார்க்கட்டும். ஆனால் அவர்கள் வேடிக்கைக்கு
நான் ஏன் டிக்கெட் எடுக்கிறேன்?"
கெட்டில் கொதித்தது. எழுந்துபோய் அணைத்தேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.

அந்த நள்ளிரவு ஆளுக்கு மட்டும்
என்னைக் கேட்காமலே பதில் போட்டிருந்தாள்.
வெந்நீர் வேண்டாம், உள்வளையம் இளகி இன்னும் ஒட்டும்.
கரண்டிக் காம்பால் விளிம்பில் நாலு தட்டு.
கீழே ஒரு வரி:
அது என் மூடி இல்லை.

பதினோரு நாள் கழித்து எழுதினார்.
ஜும்பெர். அம்பிரொலாவுரி. தேன் கூட்டுறவில் கொள்முதல்.
நாலாவது தட்டில் திறந்ததாம்.
கிடங்கில் இன்னும் அறுநூறு புட்டி
அதே பிடிவாதத்தில் நிற்கிறதாம்.
ஆறாயிரம் மூடி வேண்டும்.
பணம், சரக்கு சேர்ந்த அறுபதாம் நாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.
அவள் தகரத்தின் விலையைச் சொன்னாள்.
தகரக்காரன் ரொக்கத்தை எண்ணிவிட்டுத்தான்
கட்டை அவிழ்ப்பான்.
அறுபது நாளை அவனிடம் நீட்டினால்
மீதிச் சில்லறை தர மாட்டான்.
நான் ஒரு கையேடும், இரண்டு கருத்தரங்கும்,
ஒரு வங்கியின் பெயரும் தந்தேன்.
வங்கி அடமானம் கேட்டது.
பாதி முன்பணம் கேட்டு அவளே ஜும்பெருக்கு எழுதினாள்.
மூன்றில் ஒரு பங்கு வந்தது.
மீதிக்கு, குளிர்காலத்துக்கு வைத்திருந்த விறகை விற்றாள்.
இதை அவள் சொல்லவில்லை,
விறகு வாங்கியவர் என் மாடிக்கு மேல்வீடு.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
'வெற்றிக் கதை, இருநூறு எழுத்துக்குள்.'
மேலிடம் கேட்கிறது,
என் அடுத்த மூன்று மாதம் அதற்குள் இருக்கிறது.
தொலைபேசினேன். பின்னணியில் அச்சு
தட், தட் என்று வட்டம் வெட்டுகிறது.
சரக்கு போய்விட்டதே, இன்னும் என்ன?
அடுத்த ஆள் கேட்டால் கையில் இருக்க வேண்டாமா என்றாள்.
"இன்று எத்தனையாவது நாள்?"
"பத்தொன்பது."
"எழுதட்டுமா?"
"பணம் வந்தபின் எழுதுங்கள்.
இப்போது எழுதினால் அது ஜும்பெரின் வெற்றி."

காகித ஊசிகள் இப்போது
அவள் விட்டுப்போன மூடியில் கிடக்கின்றன.
நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன்.
என் ஒப்பந்தம் முடிய நாற்பது நாள்.
அவள் பணத்துக்கு நாற்பத்தொன்று.

கெட்டிலை மறுபடி வைத்தேன்.