நிமிடத்துக்கு நூற்றிருபத்திரண்டு

கோவாவில் முதல் தடவை
சுவரொட்டியில் சூசி என்று அடித்துவிட்டார்கள்.
பெண்ணை எதிர்பார்த்து வந்த கூட்டம்
மீசையோடு நான் மேடையேறியதும்
கை கட்டி நின்றது.
சூசைமாணிக்கம், பாம்பார்புரம், கொடைக்கானல்.
சொல்லவில்லை. கிக் ட்ரம்மை இறக்கினேன்.
இரண்டாம் நிமிடத்தில்
யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

அதற்கும் முன்னால், வட்டக்கானலில்,
ஊர் திரும்பக் காசில்லாத வெள்ளைக்காரனிடம்
பழைய கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன்.
மச்சான் பைக்கின் ஆர்.சி. புத்தகம்
மூஞ்சிக்கல் அடகுக்கடைக்குப் போனது.
இடப்பக்க ஃபேடர் பாதி வழியில் சிக்கும்,
சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் நகரும்.
அந்தத் தட்டலைத்தான் பின்னால்
என் பாணி என்று எழுதினார்கள்.

தொழில் என்னன்னு போட, என்றாள் ஜெசிந்தா,
வருமான வரிப் படிவத்தோடு.
ஹவுஸ் மியூசிக், அக்கா.
அப்படின்னா?
நாலு அடி. நாலும் ஒரே கனம்.
அப்புறம்?
அப்புறம் மறுபடி நாலு.
இதுக்குப் பணம் குடுக்கிறாங்களா, என்றாள்.
கேளிக்கை என்று எழுதினாள்.
யோசித்து, அதை அடித்துவிட்டு
மின்சாதன வேலை என்று எழுதினாள்.

ராட்டர்டாமில் ஒருவன் முந்நூறு தட்டு போட்டான்.
முதல் பக்கம், பெருமாள்மலை வளைவில்
கடைசி பஸ் விடும் ஏர் பிரேக் மூச்சு,
அதற்கு மேல் மூன்றே மூன்று ஆர்கன் கட்டைகள்.
விற்றது நாற்பத்தொன்று.
மீதி கப்பலில் வந்தது, சுங்கவரி என் தலையில்.
கட்டிலுக்கு அடியில், டிசம்பர் ஈரத்தில்,
உறைகளின் மேல் பூஞ்சை படர்ந்தது.
ராயல்டி எட்டு யூரோ, சில்லறை.
அதை மாற்ற வங்கி கேட்டது ஒன்பது.

பெர்லினில் ஞாயிறு நண்பகல்,
ஜன்னலே இல்லாத கட்டடத்தில் மூன்று மணி நேரம்.
ஒரு கிழவி, எழுபது இருக்கும்,
ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
கடைசிவரை அசையாமல் நின்றாள்.
இறங்கி வந்தபோது
என் இடக்காதில் ஒரு சில்வண்டு குடியேறியிருந்தது.
விசா முடிந்தது.
அது முடியவில்லை.

இப்போது வில்பட்டிக்கு மேலே ஒரு ரிசார்ட்,
யாரோ ஐ.டி. கம்பெனி, ஆண்டு விழா.
பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.
அதனால் எழுபது ஹெட்ஃபோன்,
மதுரையிலிருந்து வாடகைக்கு.
எல்லார் காதிலும் நீல விளக்கு,
எல்லார் மண்டைக்குள்ளும் நான்.
பனி புல்வெளிக்குள் வந்து உட்கார்ந்தது.

பதினொன்றரைக்கு என்னுடையதைக் கழற்றினேன்.
காது கொஞ்சம் ஆறட்டும் என்றுதான்.

பாட்டு இல்லை.
ஈரப்புல்லில் நூற்றுநாற்பது கால்கள்.
சப்பென்று, கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி,
யாரோ இருமினார்கள்,
யாரோ சுருதியில்லாமல் சத்தமாகப் பாடினார்கள்.
பதினைந்து வருடம்
ஒரு அடியைக்கூட இப்படிக் கேட்டதில்லை,
மேலே எப்போதும் நான் இருந்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுமாடு
வாயை அசைத்தபடி நின்றது,
காரணமே இல்லாமல் குதிக்கும் இவ்வளவு பேரை
பார்த்துக்கொண்டு.
பேஸை ஒரு கோடு ஏற்றினேன்.
கால்கள் கனத்தன.
மாடு தலை தூக்கியது.

இரண்டு மணிக்கு எண்ணினால் அறுபத்தொன்பது.
ஒன்று தொலைந்தால் இரண்டாயிரம் ரூபாய்.
டார்ச்சில் பேட்டரி இல்லை.
டிரான்ஸ்மிட்டரைத் திரும்பப் போட்டு
கிக் ட்ரம்மை மட்டும் ஓடவிட்டு
புல்லுக்குள் இறங்கி முழங்கால் போட்டேன்.
எங்கோ டிக், டிக், டிக், டிக்.
வலப்பக்கமா?
காதைத் தரையோடு வைத்தேன்.
வண்டும் சேர்ந்து கத்துகிறது,
எது புல்லில், எது எனக்குள் என்று
பிரிக்கத் தெரியாமல்
இன்னும் கொஞ்சம் தவழ்ந்து போனேன்.