நாற்பத்தெட்டு

பெரம்பூரில், பூட்டிய பள்ளிக்கூட வாசலுக்கு
நான் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தே கால்.
எனக்கு முன்னால் நாற்பத்தேழு பேர்.
அதில் பதினோரு பேர் வெறும் செருப்பு,
ஒருவர் ஹெல்மெட்,
ஒருவர் தண்ணீர் கேன்மேல் வைத்த செங்கல்.

காலை எட்டு மணிக்கு விண்ணப்பம் தருவார்கள்.
எல்கேஜிக்கு. இருநூறு தாள்.
சீட்டு எத்தனை என்று யாருக்கும் தெரியாது.
அறுபது என்றார் ஒருவர்.
அதிலும் பாதி, அண்ணனோ அக்காவோ
ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளுக்கு
என்றார் இன்னொருவர்,
சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

பள்ளிக்கூடம் எங்களை நிற்கச் சொல்லவில்லை.
கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து
வரிசையை உண்டாக்கியவர் குணாளன்.
வங்கி வேலை, இரட்டைப் பெண்கள்.
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேர் கூப்பிடுவார்.
ஆள் இல்லையென்றால் எண்ணை அடித்துவிடுவார்.
பன்னிரண்டு மணிக்கு
"உள்ளேன் ஐயா" என்று சொல்லிச் சிரித்தோம்.
இரண்டு மணிக்கு யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் நைட் ஷிப்ட்.
மகன் எதிர்வீட்டு ஷகிலாவிடம் தூங்குகிறான்.
மூன்று வயதாக இன்னும் பதினேழு நாள்.
வாழைப்பழம் என்ன நிறம் என்று
ஒரு வாரமாகக் கேட்டுப் பழக்குகிறேன்.
"உரிச்சதா, உரிக்காததா?" என்கிறான்.
அப்படித் திருப்பிக் கேட்கக்கூடாது என்றும்
சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நாற்பத்தேழு, டில்லிபாபு. ஆட்டோ ஓட்டுகிறவர்.
யாரோ ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளைக்காக நிற்கிறார்.
எண்ணூறு ரூபாய், தாள் கைக்கு வந்தால்.
உங்க பசங்க எங்கே படிக்கிறாங்க என்றேன்.
"கார்ப்பரேஷன் ஸ்கூலு மேடம்.
அங்க நிக்கவே வேணாம்.
டீச்சரே வூட்டாண்ட வந்து கூட்டினு போனாங்க."

மூன்றரைக்கு எழுந்து கேட்டார்,
ஸ்டேஷன் பக்கம் கடை திறந்திருக்கும், டீ யாருக்கெல்லாம்?
இருபது ரூபாய் கொடுத்தேன்.
"நாலு மணிக்குள்ள வந்துர்றேன்."

அன்றைக்குப் பார்த்து
குணாளன் எட்டு நிமிடம் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"நாற்பத்தேழு."
கொசுவர்த்திச் சுருளில் சாம்பல் ஒரு துண்டு உடைந்து விழுந்தது.
"நாற்பத்தேழு, டில்லிபாபு."
நான் செல்போனைப் பார்த்தேன். மூன்று ஐம்பத்திரண்டு.
சொல்லியிருக்கலாம்.
டீ வாங்கப் போயிருக்கார் சார்,
எனக்கும் சேர்த்துத்தான்.
வாக்கியம் முழுசாக வாயில் இருந்தது,
முழுங்காமல் வைத்திருக்கிற மாத்திரை மாதிரி.
பேனா ஒரு கோடு இழுத்தது.
"நாற்பத்தெட்டு."
"இருக்கேன் சார்."
"இனிமே நீங்க நாற்பத்தேழு."
பின்னால் ஒரு நூற்றைம்பது பேர்
சத்தமில்லாமல்
ஓரடி முன்னால் வந்தார்கள்.

மூன்று ஐம்பத்தேழுக்கு அவர் வந்தார்,
ஒரு கையில் டீ பார்சல்,
மறு கையில் அடுக்கிய காகிதக் கப்புகள்.
நோட்டைப் பார்த்தார்.
கத்துவார் என்று எல்லோரும் தயாராக இருந்தோம்.
அவர் உட்கார்ந்து டீயை ஊற்றினார்.
எனக்கு மீதி பத்து ரூபாய் நாணயம், ஈரமாக.
"சூடா கீது மேடம், பாத்து."
அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு
வரிசையின் கடைசியைத் தேடிப் போனார்.
கடைசி அதற்குள்
ரேஷன் கடை முனையைத் தாண்டித் திரும்பியிருந்தது.

சூடாகத்தான் இருந்தது. குடித்தேன்.

எட்டு நாற்பதுக்குத் தாள் கிடைத்தது.
அவருக்குக் கிடைத்ததா, தெரியாது.
திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிப்ரவரியில் நேர்காணல்.
மேஜைமேல் ஒரு கூடை, பிளாஸ்டிக் பழங்கள்.
வாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் கொடுத்து
என்ன நிறம் என்றார் அந்த மேடம்.
மகன் என்னைப் பார்த்தான்.
நான் எதுவும் சொல்லவில்லை.
"மஞ்சள்" என்றான்.
"குட்" என்று அவர் குறித்துக்கொள்ள,
அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
உரிக்க இடம் தேடி.