அரை அங்குலம்

கோர் மூன்று கூண்டுகளை இறக்கிக் காட்டினார்.
முதலாவது இளஞ்சிவப்பு, கோபுரம் வைத்தது.
கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன்,
கணு தாண்டிப் போயிற்று.
"இது குருவிக்கு."
"எல்லாத்துக்கும்தான்" என்றார் அவர்.

கட்டைவிரல் போனால் தலை போகும்.
தலை போனால் மிச்சமும் போகும்.
பதினோரு வருடமாக ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களில்
சமையல்கட்டுத் தரையில் மண்டியிட்டு
இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:
கதவடியை அடை. குழாய் நுழையும் துளையில்
எஃகு நார் திணி. சிமெண்ட் பூசு.

"வழக்கமா பசை அட்டைதானே வாங்குவ?"
கோர் கேட்டார், அவ்வளவுதான்.

இரண்டாவது கண்ணாடித் தொட்டி. பார்க்க அழகு.
காற்று உள்ளேயே நின்றுவிடும்,
மூன்றாம் நாள் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும்,
பிறகு அதுகளின் மூச்சில் சீழ்க்கை கேட்கும்.
எங்களுடையது ஆறாம் மாடி, மேற்குச் சுவர்.
யாரை வேகவைக்க?

மூன்றாவது பழையது.
யாரோ சின்சில்லா வளர்த்து,
அது செத்ததும் திருப்பிக் கொடுத்தது.
இடுப்புயரம். அரை அங்குல இடைவெளி,
சுண்டுவிரல் நகத்தோடு நின்றது.
கதவு பெரிது, தோள் வரை கை போகும்;
கழுவுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.
இருநூற்றிருபது என்றார்.
நூற்றெண்பதுக்கு மோட்டாரின் பின்னால் கட்டினேன்.

ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில்
கடல்காற்று கம்பிக்குள் புகுந்து ஊளையிட்டது.
சிவப்பு விளக்கில் பக்கத்து வண்டிக்காரன்,
"பறவையா அண்ணே?"
"ஆமா" என்றேன்.

லோஷினி தரையில் காத்திருந்தாள்.
மடியில் செருப்புப் பெட்டி,
அதற்குள் கூலாவும் காராமும்.
மலாயில் சர்க்கரையும் உப்பும்.
புஷ்பா மட்டும் காராமைக் காரம் என்கிறாள்,
அதுவும் திரும்பிப் பார்க்கிறது.
"தொடாதீங்க. கையில மருந்து வாடை."
மூன்று தடவை சோப்பு போட்டேன்,
முழங்கை வரை.

கம்பித் தட்டு பாதத்தைப் புண்ணாக்கும்,
அதன்மேல் துண்டை வெட்டி விரித்தோம்.
கீழ்வீட்டு ரோஸ்லான் மரத்தூள் ஒரு மூட்டை கொண்டுவந்தார்,
பைன் வாசம் ஆளைத் தூக்கியது.
நன்றி சொல்லி வாசலிலேயே வைத்தேன்.
நேற்றைய பேப்பரைக் கிழித்துப் போட்டோம்,
மரண அறிவித்தல் பக்கம் உட்பட.
உச்சித் தட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு வலை,
தவறி விழுந்தால் பிடிக்க.
குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய ஓடு ஒன்று,
வெக்கைக்கு வயிறு வைத்துப் படுக்க.

ஊஞ்சல் அவள் தைத்தது.
என் பழைய சீருடையில் முதுகுப் பக்கம்,
கம்பெனி முத்திரையோடு:
சிவப்பு வட்டம், நடுவில் எலி, குறுக்கே ஒரு கோடு.
"வேற துணி கிடைக்கலையா?"
"இதுதான் மெத்துனு இருக்கு."
கூலா மோந்து பார்த்தது. ஏறியது.
மற்றதும் ஏறியது.
கனத்தில் வட்டம் தொய்ந்து முட்டையாயிற்று.

"பா, சாக்கடையில இருக்கிறதும் இவங்களும் சொந்தமா?"
"தூரத்துச் சொந்தம்."
"கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தம்"
என்றாள் புஷ்பா, வெங்காயம் நறுக்கியபடி.
இன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.
ஒரே இனம். மண்டையோட்டை வைத்து
எவனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கதவுக் கொக்கி தளர்ந்திருந்தது.
வேலைப் பையைத் துழாவி,
விஷப்பெட்டிக்குப் போடும் கறுப்புப் பட்டையால்
இழுத்து இறுக்கினேன்.

ராத்திரி இரண்டு மணி. கறக். கறக்.
தலைமாட்டில் டார்ச்சைத் தேடிய கை
பாதியில் நின்றது.
எழுந்திருக்கவில்லை. காது கொடுத்துக் கிடந்தேன்,
பிளாஸ்டிக்கா, கம்பியா?
கடிக்க ஒரு கட்டை போட மறந்துவிட்டோம்.

காலை ஏழுக்கு பாயான் லெப்பாஸில் ஒரு பேக்கரி,
மாவு மூட்டைக்குப் பின்னால் குட்டி போட்டிருக்கிறதாம்.
முடித்துவிட்டு வரும்போது
கொய்யாக் கிளை ஒன்று ஒடித்து வரவேண்டும்.
மருந்தடிக்காத மரமாகப் பார்த்து.