கணக்கு உதைக்கிறது

முப்பத்தோரு வருஷம்
ஃபையால் தீவுக்கும் பிக்கோ தீவுக்கும் நடுவே
படகில் சீட்டுக் கிழித்தவர் என் கணவர்.
ஏறிய தலையும் இறங்கிய தலையும்
ஒரு நாள்கூட உதைத்ததில்லை.
ஒரே ஒருமுறை, புயலில்,
பாதிரியாரின் தொப்பி கடலோடு போனது.
தொப்பிக்குச் சீட்டு வாங்கவில்லையே
என்பார் இன்றைக்கும்.

இப்போது ஓய்வு.
பதினொரு கோழி.

பொழுது சாய்ந்ததும்
பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு
கூட்டு வாசலில் நிற்கிறார்.
பலகை வழியே ஏறுகின்றன.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவது ஏறி, உள்ளே எட்டிப் பார்த்து,
அடுப்பை அணைக்க மறந்தவள் போல
விறுவிறுவென்று இறங்குகிறது.
இதை ஏறியதில் சேர்ப்பதா இறங்கியதில் சேர்ப்பதா
என்று அவர் யோசிப்பதற்குள்
மூன்று பேர் ஒரே சிறகாய் நுழைந்துவிட்டார்கள்.

திங்கள், பத்து.
செவ்வாய், பதின்மூன்று.
புதன், பத்தரை.
வாசற்படியிலேயே தூங்கிவிட்டது ஒன்று,
தலை உள்ளே, வால் வெளியே.

"ஞாயிற்றுக்கிழமை சூப்பைக் கழித்தீர்களா?"
என்று நான் கேட்டிருக்கக் கூடாது.
இரண்டு நாள் பேச்சில்லை.

அப்புறம் காலுக்கு வளையம் வந்தது.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
மறுநாளே பச்சை வளையம்
ஹைட்ரேஞ்சா வேலியடியில் கிடந்தது,
கோழி இல்லாமல்.
அதற்கு மறுநாள் கோழி வந்தது,
வளையம் இல்லாமல்.
இது நம்முடையதே இல்லை என்று சாதித்தார்.
சீட்டைத் தொலைத்தவரை
எந்தப் படகு ஏற்றும்?

டார்ச்சோடு தேடுவோம்.
டிராக்டர் அடியில் ஒன்று.
கல்லறைச் சுவரில், தேவதையின் தோளில், ஒன்று.
இன்னொன்று மீன் வண்டியில் ஏறி
ஹோர்த்தா துறைமுகம்வரை போய்
மாலை வண்டியில் திரும்பியிருந்தது.
வண்டிக்காரர் பெருமையாய்ச் சொன்னார்.
இவர் முகம் சுருங்கிவிட்டது.
ஓசிப் பயணம். அதுவும் இரண்டு வழி.

நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது,
பெயர், நிறம், உறங்குமிடம், குணம்.
குணத்துக்கு நேரே எல்லாருக்கும் ஒரே சொல்.
அதை இங்கே எழுத முடியாது.

கறுப்பு வெள்ளைக் கோழிக்கு
நாங்கள் வைத்த பெயர் மடத்தலைவி.
ராத்திரி எங்கள் பரணில் ஜெபம்.
பகலில் ஆளைக் காணோம்.
முட்டையையும் காணோம்.
ஒரு நாள் எதிர்வீட்டு சூல்மிரா
படி இறங்கி வந்தாள், கையில் தடி.
"என் லாலின்யா ராத்திரியானால் எங்கே போகிறது?
சோளம் தின்பது என் வீட்டில்.
இடுவது என் வீட்டில்.
ஒழுக்கமுள்ள கோழி, வீட்டில் தூங்குவதில்லை."

இருவரும் நடுத்தெருவில் நின்று கூப்பிட்டார்கள்,
அவள் அந்தப் பெயரை, இவர் இந்தப் பெயரை.
அது ஒரு நத்தையைக் கொத்திக்கொண்டிருந்தது.
கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறார்கள்,
பெயர் வைப்பதும் அப்படித்தான்.

இவர் உள்ளே போய்ப்
பெட்டியைக் குடைந்து
துளையிடும் பழைய இடுக்கியை எடுத்து வந்தார்.
ஓர் அட்டையில்
"சூல்மிரா வீடு – எவுசேபியோ வீடு – மீண்டும்"
என்று எழுதி, ஓட்டை போட்டு,
வேலிக் கம்பத்தில் ஆணியடித்தார்.
மாதச் சீட்டு.
சூல்மிரா கையெழுத்துப் போட்டாள்.
தடியை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஒரு வாரம் கணக்கு நேராக நின்றது.
சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு
சீட்டியடித்தபடி நடந்தார்.

நேற்று விடிகாலை,
மூன்று வாரம் முன்பு "பருந்து" என்று எழுதி
சிவப்பு மையால் அடித்துவிட்ட
சோள நிறக் கோழி
நீலப் பூக்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது.
பின்னால் ஒன்பது மஞ்சள் பொட்டு.
காப்பிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டே நின்றவர்
நோட்டைக் கேட்டார்.
சிவப்பை அடித்தார். திரும்ப எழுதினார்.
விரல் விட்டு எண்ணினார்.

"குழந்தைகளுக்கு அரைச் சீட்டு," என்றார்.
"அப்படியென்றால் நாலரை."

மாலை ஆறரைக்குக் கத்தியது கேட்டது.
"தியோலிந்தா! ஐந்துதான் வருகிறது!"
ஏதோ ஒரு அரை கூடுதல்.
போய்ப் பார்க்க வேண்டும்.
என் ஷூவுக்குள்ளும் ஏதோ கீச்சிடுகிறது,
அதை முதலில் சொல்வதா வேண்டாமா
தெரியவில்லை.