சதுரக்கால்

கிள்ளானிலிருந்து கொண்டுவந்த பிளக்குக்கு
மூன்று சதுரக் கால்கள்.
சூளூர்ப்பேட்டைச் சுவரில்
மூன்று உருண்டைத் துளைகள்.
முதல் இரவு செல்பேசி செத்துக் கிடந்தது.
அதற்குள் அம்மா அங்கே
மூன்று அத்தைகளை எழுப்பி அழவைத்துவிட்டாள்.

வேலை இதுதான்:
தடா பக்கத்துத் தொழிற்சாலையில்
நாப்கின் மடிக்கும் இயந்திரத்தை நிறுத்தி
நிமிடத்துக்கு அறுநூறு விழும்வரை
திருகாணி திருகுவது.
தொண்ணூறு நாள்.

காவல் நிலைய எழுத்தர்
என் பொட்டைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார்.
"வெளிநாடா? நீங்களா?
ஆரம்பாக்கத்து டீச்சரம்மா மாதிரி இருக்கீங்க."
பூர்வீகம் என்றொரு கட்டம் படிவத்தில் இல்லை.
இருந்தும் கேட்டார்.
தெரியாது என்றேன்.
அதை எங்கே எழுதுவதென்று தேடிவிட்டுப்
பேனாவை மூடினார்.

ஆட்டோ மஸ்தானிடம் காலையில்
எங்கள் ஊர் வழக்கப்படி
"பசியாறிட்டீங்களா?" என்றேன்.
பதறிப்போய்
நேரே ஓர் இட்லிக் கடை முன் நிறுத்தினார்.
"பசின்னா முதல்லயே சொல்லக் கூடாதாம்மா."
அன்று இரண்டாவது முறை சாப்பிட்டேன்.

வீட்டுக்காரி பெஞ்சலம்மா
மாடிப்படியில் எதிர்ப்பட்டபோதெல்லாம்
ஒரே கேள்வி:
"தின்னாவா?"
மாடு தின்னும், எங்கள் தமிழில்.
கோபத்தில் தட்டை நகர்த்தும்போது
"தின்னு" என்பாள் என் அக்கா.
வாடகையை முன்பணமாய்க் கொடுத்தவளை
இப்படியா கேட்பது என்று
ஒரு வாரம்
படியிறங்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

அவர்கள் வீட்டுக்கு இல்லு என்கிறார்கள்.
முகவரி சொல்லும் யாரும்
என் காதுக்குள்
எதையோ இல்லை என்றபடி இருந்தார்கள்.

பதினேழாம் நாள் சாயங்காலம்
ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.
டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாய் நடுங்கியது.
செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தேன்.
கிழக்கே தீவிலிருந்து ஒரு நெருப்புக் கோடு
மேகத்தைத் தைத்துக்கொண்டு போனது.
தெருவில் நான் மட்டும்தான்
வாயைத் திறந்து நின்றேன்.
பெஞ்சலம்மா
சுவரோரக் கல்லிலிருந்த மாவுக் கிண்ணத்தை
ஓரடி உள்ளே நகர்த்தினாள், அவ்வளவுதான்.
பிறகு என் வெறுங்காலைப் பார்த்தாள்.
தன் செருப்பைக் கழற்றி
காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்,
"தின்னாவா?"

"தின்னானு" என்றேன்.
அது பொய். அவளுக்கும் தெரிந்தது.
கொஞ்ச நேரத்தில் கோங்கூராவும் சோறும்
படியேறி வந்தன.
எங்கள் வீட்டு அசாம் மீன்குழம்புக்கு
எங்கோ ஒன்றுவிட்ட தங்கை அந்தப் புளிப்பு.

ஒரு ஞாயிறு சென்னைக்குப் போனேன்,
வாய் நிறையத் தமிழ் பேச.
பாண்டி பஜாரில் துணிக்கடைப் பையன்
"மேடம் சிலோனா?" என்று
விலையை முந்நூறு ஏற்றினான்.
சாயங்கால மின்ரயிலில்
எளாவூர் தாண்டும்போது அம்மா கூப்பிட்டாள்.
எங்கே இருக்கிறாய்?
"ஊருக்குத் திரும்பிக்கிட்டு இருக்கேம்மா."
எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை.
நான் கேட்டுக்கொண்டேன்,
ஆரம்பாக்கம்வரை.

விசா இன்னும் தொண்ணூறு நாள் நீண்டது.
இயந்திரம் ஐந்நூற்றெழுபதில் அடம்பிடித்தது.
உருண்டைக் காலுள்ள கெட்டில் ஒன்று வாங்கினேன்.
ஐந்து நாற்பதுக்குத் தண்ணீர் வருமென்று
இருட்டிலேயே வாளியை வைக்கிறேன்.

உதவிக்கு நேற்று
ஈப்போவிலிருந்து பத்மநேசன் வந்திறங்கினார்.
தோளில் பை, கையில் சார்ஜர்,
சுவரைப் பார்த்து நின்ற அந்த நிற்பு
எனக்குத் தெரிந்த நிற்பு.
என்ன கேட்பதென்று யோசிப்பதற்குள்
வாய் கேட்டுவிட்டது:
"தின்னாவா?"

அவர் முகம் சுருங்கியது.
நான் விளக்கவில்லை.
கெட்டிலுக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்த
அடாப்டரைப் பிடுங்கிக் கொடுத்தேன்.
இன்னும் சூடாக இருந்தது.